ஏடும் நாணயமும்: 1804 டாலர் வழக்கு

நாணயத்தில் பொறித்த ஆண்டை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலர் அந்த நம்பிக்கையைக் கலைத்த நாணயம்.

1804இல் 19,570 டாலர்கள் அச்சானதாகப் பிலடெல்பியா நாணயச்சாலையின் ஏடு சொல்கிறது. 1843இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரின் சேகரிப்பாளர் மேத்யூ ஸ்டிக்னி, தம்மிடமிருந்த அரிய நாணயங்களை ஈடாகக் கொடுத்து, அவ்வாண்டு பொறித்த டாலர் ஒன்றை நாணயச்சாலையிடமே பெற்றார். பிறகு பூசல் மூண்டது. ஏடு இருக்கிறதே என்றனர் ஒரு சாரார். இந்த விளிம்பமைப்பு பிற்காலத்தது என்றனர் மறுசாரார்.

1962இல் எரிக் நியூமன், கென்னத் பிரெஸ்ஸெட் இருவரும் நூலெழுதி வழக்கை முடித்தனர். நியூமன் தொழிலால் வழக்கறிஞர். 1804இல் அச்சானவை பழைய அச்சுகளில் அடிக்கப்பட்டு முந்தைய ஆண்டையே தாங்கியிருந்தன. 1834இல் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க நாணயத் தொகுதிகள் தேவைப்பட்டபோது, டாலர் கடைசியாக அச்சான ஆண்டு எதுவென ஏட்டைப் புரட்டிய அலுவலர்கள் 1804 என்று பொறித்துவிட்டனர். முதலில் நேர்ந்தது மோசடியன்று. ஏட்டை நம்பியதன் விளைவு. மோசடி பின்னால் வந்தது: 1850களின் இறுதியில் நாணயச்சாலைக்குள்ளேயே சிலர் கள்ளத்தனமாக மேலும் சில அடித்தனர்.

உண்மை வெளிப்பட்டும் விலை சரியவில்லை. மஸ்கட் சுல்தானுக்குச் சென்றதாகக் கருதப்படும் நாணயம் 1999இல் 41 லட்சம் டாலருக்கும், 2021இல் 76 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

சந்தைக்கு அரிதாக இருப்பதே போதும். வரலாற்றுக்கு அது போதாது. அது ஏட்டையும் நாணயத்தையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்கிறது. அந்த விசாரணையை நடத்தி முடித்தவர்கள் நாணயத்தை நேசித்தவர்களே என்பதுதான் நமக்கு மகிழ்ச்சி தருகிறது.