ஏரும் டிராக்டரும்

கங்கைகொண்டானில் டிராக்டர் என்றால் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சிரிப்பான். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒரு டிரைவர், அவ்வளவுதான் டிராக்டர். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பையன் மட்டுமல்ல, வாத்தியாரும் கொஞ்சம் யோசிப்பார். கடைசியில், "உழுகிற யந்திரம்" என்று பதில் வரும். அந்தச் சொல்லின் பிறப்பில் உழவுக்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

லத்தீன் பாஷையில் இழுப்பதைக் குறிக்கும் ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது டிராக்டர். 'இழுப்பது' என்று பொருள். வயலுக்கு வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே இது வைத்தியத்தில் புகுந்து ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் எலிஷா பெர்க்கின்ஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். விரல் நீளத்தில் இரண்டு உலோகக் குச்சிகள் செய்து, வலிக்கிற இடத்தில் தடவினால் நோயை அது வெளியே இழுத்துவிடும் என்று சொன்னார். அந்தக் குச்சிகளுக்குத்தான் டிராக்டர் என்று பெயர். 1796-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அமெரிக்காவில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் அது நன்றாக விலை போயிற்று.

1799-ல் இங்கிலாந்தில் பாத் நகரத்து வைத்தியர் ஜான் ஹேகார்த் ஒரு காரியம் செய்தார். மரத்தில் அதே மாதிரிக் குச்சிகள் செய்து, உலோகம் போலத் தோன்றும்படி சாயம் பூசி, நோயாளிகளின் உடம்பில் தடவச் செய்தார். அதற்கும் வலி குறைந்தது என்றார்கள் நோயாளிகள்! குணம் குச்சியில் இல்லை, நோயாளியின் மனத்தில் இருக்கிறது என்று அவர் எழுதி வெளியிட்டார். எனக்குத் தெரிந்த பாட்டி ஒருத்தி டிராக்டரை 'டாக்கடரு' என்றுதான் சொல்லுவாள். அவளைத் திருத்த எனக்கு மனம் வந்ததில்லை. சொல்லின் பூர்வ கதை அப்படி இருக்கிறது!

உழுகிற யந்திரத்துக்கு இந்தப் பெயர் ஊன்றியது பிற்பாடு. அயோவா மாகாணத்தில் ஹார்ட், பார் என்ற இருவர் சேர்ந்து நடத்திய கம்பெனி, பெட்ரோலில் ஓடும் இழுவை எஞ்சின்களைச் செய்து விற்றது. விளம்பரத்தில் 'பெட்ரோல் இழுவை எஞ்சின்' என்று ஒவ்வொரு தடவையும் நீட்டி முழக்க முடியவில்லை. 1906 வாக்கில் கம்பெனியின் விற்பனை மானேஜர் வில்லியம்ஸ் என்பவர் டிராக்டர் என்று சுருக்கிவிட்டார் என்று சொல்வார்கள். அவரே புதிதாக உண்டாக்கிய சொல் என்று வெகு காலம் நம்பியும் வந்தார்கள். ஆனால் 1890-ஆம் வருஷத்துக் காப்புரிமைப் பத்திரம் ஒன்றிலேயே அது இருக்கிறது. பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு.

மேல்நாட்டில் யந்திரத்துக்குப் பெயர் வைத்தவர்கள், எது இழுக்கிறது என்பதை மட்டுமே பார்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் நியாயம் உண்டு. கலப்பை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மாறியது கலப்பைக்கு முன்னால் நின்ற குதிரைதான்.

நம்முடைய சொற்கள் வேறு தினுசு. மண்ணைக் கிழிக்கிற இரும்பு கொழு. கையால் பிடிப்பது மேழி. மாட்டின் கழுத்தில் கிடப்பது நுகத்தடி. முழுக் கருவிக்குக் கலப்பை என்று பெயர். நாஞ்சில் என்பது இன்னும் பழைய பெயர். இந்தக் கலப்பை என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. புறநானூற்றில் அதியமான் வாசலில் கோபித்துக்கொண்டு புறப்படுகிற ஔவையார் கலப்பையைச் சுருக்கிக் கட்டுகிறார். அவர் உழப் போகவில்லை. அந்தக் கலப்பை, வாத்தியங்களை வைக்கிற பை!

இந்தச் சொற்களுக்குள் ஏர் தனி. அது ஒரு பொருளின் பெயராக மட்டும் நிற்பதில்லை. கலப்பையும் நுகத்தடியும் ஒரு ஜோடி மாடும் சேர்ந்தால்தான் சம்சாரியின் கணக்கில் ஒரு ஏர். 'ஏர் பூட்டு' என்றால் இத்தனையும் ஒன்றுசேர வேண்டும். வள்ளுவர் உலகத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது இந்த ஏருக்குப் பின்னால்தான்.

கங்கைகொண்டான் இருக்கிற இடம் இதைப் பேசுவதற்குத் தோதானது. திருநெல்வேலிக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். ஊருக்கு வடக்கே போகப் போகக் கரிசல் காடு, மானாவாரி. தெற்கே போனால் தாமிரபரணிப் பாசனம், நெல் வயல். சிற்றாறு ஊரை ஒட்டி ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை ஏர், அண்ணாச்சி?"

"எங்க ஐயா காலத்துல நாலு ஏரு. எங்கிட்ட ரெண்டு ஏரு இருந்துச்சு. இப்ப ஏரு ஏது? உழவு மணிக்கணக்குலல்லா வருது!"

"கலப்பை?"

"கலப்பை இருக்கே! அஞ்சு கலப்பை போடவா, ஒம்பது கலப்பை போடவான்னுதானே டிரைவர் தம்பி கேக்கான்."

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மரக்கலப்பை போய்விட்டது, ஆனால் பெயர் போகவில்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்கு அது ஒட்டிக்கொண்டது. வட்டத் தட்டுகள் உள்ளதைச் சட்டிக் கலப்பை என்கிறார்கள். கலப்பை பிழைத்துக்கொண்டது. ஏர்தான் பிழைக்கவில்லை. ஏர் என்றால் மாடும் சேர்த்தி அல்லவா? டிராக்டர் பிடித்தது மாட்டின் இடத்தை.

இலங்கைத் தமிழர்கள் உழவு இயந்திரம் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். நமக்கு டிராக்டரே போதும் என்று இருந்துவிட்டோம். இத்தனைக்கும் அந்த வியாபாரத்தில் தாமிரபரணிக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1960-ல் மாஸி பெர்குஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு சென்னையில் டாஃபே கம்பெனியைத் தொடங்கியது அமால்கமேஷன்ஸ் குழுமம். அதன் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். அந்த ஊர்க் கடனாநதி தாமிரபரணியில்தான் சேருகிறது.

ஏர் போனதால் என்ன போயிற்று? ஒரு குடும்பத்தின் நிலையை ஏரால் எண்ணிய காலம் உண்டு. 'நாலு ஏர் சம்சாரி' என்றால் பெண் கொடுக்கிறவர்கள் மேலே விசாரிக்க மாட்டார்கள். வைக்கோல் மாட்டுக்குப் போயிற்று. சாணம் வயலுக்கு வந்தது. உழவுக்காகக் கையிலிருந்து ரொக்கம் அதிகம் புறப்படவில்லை. இப்போது உழவு என்பது மணிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற பணம். மழை பெய்த மறுநாள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் வேண்டும். சின்னச் சம்சாரி ஈரம் காய்கிறதே என்று வரப்பில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஏரைப் பற்றி உருகுகிறவர்கள் இன்னொருவனையும் நினைக்க வேண்டும். பிறர் மாட்டை, பிறர் நிலத்தில், விடியுமுன் பூட்டி உழுத பண்ணையாள் அவன். ஏர் என்ற கணக்கில் மாடு இருந்தது, மரம் இருந்தது, அவன் இல்லை. நாலு ஏர் என்றால் நாலு ஆளும் உண்டு என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. டிராக்டர் வந்ததும் முதலில் வேலை போனது அவனுக்குத்தான். அப்போதும் யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் மகன் இன்று மேழி பிடிக்கவில்லை. அதில் அவனுக்கு வருத்தம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கங்கைகொண்டான் என்ற பெயரே வடக்கே படையெடுத்த ராஜேந்திர சோழனின் பட்டம். தூரத்துப் பெயர்கள் வந்து தங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்று ஊருக்குப் பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு தொழிற்சாலையில் டிராக்டர்களுக்கான டயர் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சொல் அங்கிருந்து வந்தது; சக்கரத்துக்கு ரப்பர் இங்கிருந்து போகிறது.

சித்திரை முதல் நாள் நம் கரிசல் ஊர்களில் பொன்னேர் பூட்டுவது வழக்கம். வருஷத்தின் முதல் உழவு. மாடு இல்லாத ஊர்களில் இப்போது டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு வரிசையாக நிறுத்துகிறார்கள். அன்றைக்கும் பெயர் பொன்னேர்தான். 'பொன் டிராக்டர்' என்று யாரும் சொல்வதில்லை. வருஷத்தில் ஒரு நாளாவது அந்த யந்திரத்துக்கு ஏர் என்ற பெயர் கிடைக்கிறது.