மதுரைக் குன்றுகளில் கோட்டுக் கலை

ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் எழுத்திற்கும் முதல் உறுப்பு கோடு. புள்ளி நகர்ந்தால் கோடாகும். கோடுகள் கூடினால் வடிவம் பிறக்கும். வண்ணமும் ஒளிநிழலும் அதன் பின்னரே வந்து சேர்வன. தமிழில் 'எழுதுதல்' என்னும் ஒரு சொல்லே எழுத்தையும் ஓவியத்தையும் குறித்து நிற்கிறது. வண்ணம் தீட்டாது கோட்டால் மட்டும் உருவம் காட்டிய சித்திரத்தைப் 'புனையா ஓவியம்' என்றனர் முன்னோர். அணிகலன் துறந்து பிரிவில் வாடும் அரசிக்கு நெடுநல்வாடை இதனையே உவமையாக்குகிறது. புனைவு நீங்கிய பின்னும் நிலைபெறும் இக்கோட்டின் ஆற்றலை மதுரையைச் சூழ்ந்த நம் சமணக் குன்றுகளில் இன்றும் காணலாம்.

இக்குன்றுகளின் குகைத்தளங்களில் முதலில் நோக்கத்தக்கது, முகப்புப் பாறையின் நெற்றியில் வெட்டப்பட்ட காடி. மேலிருந்து வழியும் மழைநீர் உட்புகாதபடி தடுத்து வெளியே சொட்டச் செய்வது இந்த நீண்ட கோடு. அதன் கீழே, தலையணை போன்ற மேட்டுடன் செதுக்கிய கற்படுக்கைகள். துறவியர்க்கு வேண்டியதனைத்தையும் சில கோடுகளே தந்துவிட்டன. அழகு கருதி ஒரு கோடும் மிகையாக இழுக்கப்படவில்லை.

காடியை அடுத்து எழுத்து வந்தது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தில், கணிநந்தன் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் பணியாளர் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த இக்கல்வெட்டுகள் ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். நேர்கோடும் சாய்கோடும் வளைவும் கூடிய எளிய வடிவங்கள். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அவற்றால்தான் நமக்குத் தெரிகின்றன.

சமயநல்லூரிலிருந்து வைகையைக் கடந்து தெற்கே சென்றால் கீழக்குயில்குடிச் சமணர் மலையை அடையலாம். அங்குப் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமைந்த புடைப்புச் சிற்பங்கள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. காயோத்சர்க்க நிலையில் நிற்கும் திருமேனி ஒரே நேர்க்கோடாய் உறுதியைக் காட்டுகிறது. அமர்ந்த திருமேனியில் மடித்த கால்கள் கிடைக்கோடாய் அமைதியைத் தருகின்றன. தலைக்கு மேல் முக்குடை மூன்று வளைவுகளாய் அடுக்கி நிற்கிறது. பாகுபலியின் உடலைச் சுற்றிய கொடியோ அசையாத தவத்தின் மேல் ஊரும் வளைகோடு. அடியில் வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அச்சணந்தியின் தாயார் குணமதியார் அவர்களுள் ஒருவர்.

கல்லில் பயின்ற இக்கோடு சுதைப்பூச்சில் வண்ணத்தோடு சேர்ந்த இடம் சித்தன்னவாசல். அவனிபசேகரன் எனப்பட்ட சீமாற சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. தூணில் ஆடும் மங்கையின் வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது. ஆயினும் நீட்டிய கையின் ஓட்டமும் இடையின் வளைவும் கோட்டால் விளங்குகின்றன. தாமரைக் குளத்தில் மலர் கொய்யும் பவ்யர்களின் விரல்களும் அவ்வாறே. நிறம் காலத்தோடு கரைந்தது. அதனைத் தாங்கிய கோடு நின்று பொருளுரைக்கிறது.

ஈராயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கோட்டை ஓர் ஆணி சில நொடிகளில் அழித்துவிடும். குகைகளில் பெயர் கீறுவோர் அறியாமல் செய்யும் தீங்கு இது. பக்தியால் திருமேனிகளில் எண்ணெய் பூசுவதும், படமெடுக்க எழுத்துகளில் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கல்லுக்கு ஊறு செய்வனவே. ஆதலின் குன்றுகளுக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பத்தார் குழந்தைகளின் கையில் தாளும் கரிக்கோலும் கொடுப்பாராக. முக்குடையின் மூன்று வளைவுகளை ஒருமுறை தன் கையால் வரைந்து பழகிய குழந்தை, பின் எந்நாளும் அக்கல்லின் மேல் கீற நினையாது.