இசை நிகழ்ச்சி அறக்கட்டளை நிதி

இசை நிகழ்ச்சி அறக்கட்டளை நிதி, அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுமக்கள் கட்டணமின்றிக் கேட்கும் நேரடி இசை நிகழ்ச்சிகளுக்குப் பணம் தரும் அமைப்பு. 1948இல் உருவானது. அரசு மானியத்தையோ புரவலர் நன்கொடையையோ நம்பி இது தொடங்கப்படவில்லை. இசைப்பதிவு நிறுவனங்கள் தொழிற்சங்க ஒப்பந்தப்படி தம் விற்பனையிலிருந்து செலுத்தும் பங்கே இதன் மூலதனம்.

பின்னணி

மௌனப்படக் காலத்தில் திரையரங்குகளில் வாத்தியக் குழுக்கள் அமர்ந்து வாசித்தன. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பின்னர் வானொலி நிலையங்களும் ஜூக்பாக்ஸ் வைத்த விடுதிகளும் இசைத்தட்டுகளைக் கொண்டே காலம் தள்ளின. ஒருமுறை கூலி பெற்றுப் பதிவு செய்த கலைஞர், தமக்கும் சக கலைஞர்களுக்கும் வரவேண்டிய வேலைக்குத் தாமே உலை வைத்தார்.

சிகாகோ இசைக்கலைஞர் சங்கத் தலைவரான ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ, முன்பு டிரம்பெட் வாசித்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1935இல், அந்நகரின் கிராண்ட் பூங்காவில் இலவசக் கச்சேரிகள் தொடங்க வழிசெய்தார். கலைஞருக்குக் கூலி, மக்களுக்கு இலவச இசை என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றியது.

பதிவுத் தடை

1940இல் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் தலைவரான பெட்ரில்லோ, 1942 ஆகஸ்ட் 1 முதல் உறுப்பினர் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை விதித்தார். பாடகர்கள் இக்கூட்டமைப்பில் இல்லை. ஆகவே ஃபிராங்க் சினாட்ரா போன்றோர் வாத்தியங்களே இல்லாமல், குரல் குழுவைத் துணைக்கு வைத்துப் பாடிப் பதிவு செய்தனர். விற்கும் தட்டுகளுக்குச் சங்கத்துக்குப் பங்கு தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு 1943 செப்டம்பரில் டெக்கா நிறுவனம் உடன்பட்டது. 1944 அக்டோபரில் தடையை விலக்குமாறு அதிபர் ரூஸ்வெல்ட் தந்தியடித்துக் கேட்டும் பெட்ரில்லோ இசையவில்லை. அடுத்த மாதம் ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இறங்கி வந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சிறு தொகை சங்க நிதிக்கு வந்தது.

அறக்கட்டளை

முதலாளிகள் இவ்வாறு சங்கத்துக்குப் பணம் தருவதை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் தடுத்தது. இதையடுத்து 1948 ஜனவரி 1 அன்று கூட்டமைப்பின் இரண்டாவது பதிவுத் தடை தொடங்கியது. டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி, பணம் சுயேச்சையான அறங்காவலர் ஒருவரிடம் சென்றது. சாமுவேல் ரோசன்பாம் முதல் அறங்காவலரானார். பூங்கா, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் நிகழ்ச்சி நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. கலைஞருக்குச் சங்கம் வகுத்த ஊதியம் உண்டு. காலப்போக்கில், செலவில் ஒரு பகுதியை உள்ளூர் அமைப்புகளும் ஏற்கும் வழக்கம் பரவியது.

உரிமைப் பூசல்

வாசித்தவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்ற மனக்குறை பதிவுக்கூடக் கலைஞரிடையே வளர்ந்தது. தங்களுக்குச் சேரவேண்டிய தொகைகள் நிதிக்குத் திருப்பிவிடப்படுவதாக லாஸ் ஏஞ்சலிஸ் கலைஞர்கள் 1956இல் செசில் ரீட் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர்; 1958இல் தனிச் சங்கமும் கண்டனர். அவ்வாண்டே பெட்ரில்லோ தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1964இல், பதிவில் வாசித்தவருக்கே பணம் வழங்கும் சிறப்புக் கொடுப்பனவு நிதி தனியாக அமைந்தது. இதனால் நிறுவனங்கள் செலுத்திய தொகை இரண்டாகப் பிரிந்தது.

பிற்காலம்

2000க்குப் பிறகு குறுந்தகடு விற்பனை சரிந்ததும் நிதியின் வரவும் வற்றியது. பின்னர் இணையவழி ஸ்ட்ரீமிங் வருவாயிலிருந்தும் பங்கு பெற வழி பிறந்தது. பதிவிசையின் வருமானத்தையே நம்பியிருப்பதால், அந்தத் தொழில் தளரும்போது நேரடி நிகழ்ச்சிகளுக்கான பணமும் சுருங்குவது இந்த ஏற்பாட்டின் அடிப்படைப் பலவீனம்.