கணினியின் நினைவும் அதன் நிலைபேறும்



மறதி மனிதருக்கு இயல்பு. கணக்குப்பிள்ளை ஒருவர் ஓர் எண்ணை மறந்துவிட்டால், ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். கணினி அவ்வாறு ஐயுறுவதில்லை. அதன் நினைவகத்திலே ஒன்று இருந்த இடத்திற் பூச்சியம் வந்துவிட்டால், அந்தப் பிழையையே உண்மையெனக் கொண்டு அது தன் வேலையைத் தொடரும். பிழையான தொகை ஏட்டில் ஏறும். பழுதுபட்ட கோப்பு பழுதுபட்டபடியே சேமிக்கப்படும். எனவே, விரைவான நினைவகத்தை ஆக்குவது ஒரு வேலை. அதனை நம்பத்தக்கதாய் நிலைநிறுத்துவது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையின் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியுலகிற்கு அறிமுகமான எனியாக் என்னும் பெருங்கணிப்பொறி, ஒரு செக்கனில் 5,000 கூட்டல்களைச் செய்தது. ஆயினும் கணக்கிடும்பொழுது எண்களை வைத்திருப்பதற்கு அதனிடம் 20 திரட்டிகளே இருந்தன. கணக்கிடும் வேகம் இருந்தது; அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நினைவகம் இருக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டோருள் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் வில்லியம்சும் தொம் கில்பேணும் முக்கியமானோர். அவர்கள் கையிலெடுத்தது கதோட்டுக் கதிர்க் குழாய். ராடார் கருவிகளில் ஒளிப்புள்ளிகளைக் காட்டிய அதே குழாய்தான். இலத்திரன் கற்றை திரையிற் பட்ட இடத்திலே ஒரு சிறு மின்னேற்றம் தங்குகிறது. அதனை ஒன்றென்றும் பூச்சியமென்றும் குறியாகக் கொள்ளலாம். ஆனால், அந்த ஏற்றம் ஒரு செக்கனின் சிறு கூறு கழியுமுன்னரே கசிந்து மறைந்துவிடும்.

மறையும் நினைவை எவ்வாறு காப்பது? மறையுமுன் படித்து, படித்ததையே திரும்ப எழுதுக என்பதே அவர்கள் கண்ட வழி. குறைபாட்டை அவர்கள் நீக்கவில்லை. இடைவிடாத புதுப்பித்தலினால் அதனை வென்றனர். 1947ஆம் ஆண்டின் முடிவுக்குள் இம்முறையினால் ஒரு குழாயிலே 2,048 குறிகளை வைத்திருக்க அவர்களால் இயன்றது. எனினும், சும்மா வைத்திருப்பது வேறு. கணக்கு நடக்கும் வேகத்திலே மணிக்கணக்காக எழுதியும் படித்தும் வருகையிற் பிழையின்றி நிற்பது வேறு. இதனை அறிவதற்கென்றே, ஜெப் தூட்டில் என்பாரின் துணையுடன், சிறியதொரு கணினியைக் கட்டினார்கள். அதன் நினைவகம், 32 குறிகள் கொண்ட 32 வரிகள்; மொத்தம் 1,024 குறிகள். 1948ஆம் ஆண்டிலே, 262,144 என்னும் எண்ணுக்கு, அவ்வெண் தவிர்ந்த மிகப்பெரிய காரணியைத் தேடும் பணி அதற்குக் கொடுக்கப்பட்டது. 52 நிமிடங்கள் ஓடியபின் அது 131,072 என்னும் சரியான விடையைத் தந்தது. இலத்திரனியல் நினைவகத்திலே நிரலைச் சேமித்து இயக்கிய முதற் கணினி, நினைவகத்தைச் சோதிக்கும் கருவியாகவே பிறந்தது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

அட்லாந்திக்குக் கடலின் மறுகரையிலே, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், ஜே பொரஸ்டர் என்பவர் வேர்ல்விண்ட் என்னும் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தார். விமானிகளைப் பயிற்றும் கருவியாகத் தொடங்கிய அம்முயற்சி, பின்னர் அமெரிக்காவின் வான்காப்புப் பணிக்குத் திரும்பியது. ராடார்ச் செய்திகள் வந்தவண்ணமிருக்கையில், நினைவகம் பழுதென்று கூறி இயந்திரத்தை நிறுத்திவைக்க இயலாது. அங்கே பயன்பட்ட சேமிப்புக் குழாய்களோ விலைமிக்கவை, அடிக்கடி பழுதுபட்டன.

1949இல் பொரஸ்டர் வேறொரு வழியைச் சிந்தித்தார். மோதிரத்தினும் மிகச் சிறிய காந்த வளையங்களைக் கம்பிகளின் சந்திகளிலே கோத்தால், ஒவ்வொரு வளையமும் ஒரு குறியைத் தாங்கும். குறுக்கும் நெடுக்குமாயுள்ள இரு கம்பிகளில் அரையரைப் பங்கு மின்னோட்டம் பாயும்போது, அவை சந்திக்கும் வளையம் மட்டுமே தன் காந்தத் திசையை மாற்றும். இவ்வேற்பாட்டை நம்புவதற்கு முன்னர், 1953இல் நினைவகச் சோதனைக் கணினி என்றே பெயரிட்ட தனியொரு இயந்திரத்தைக் கட்டி ஆராய்ந்தார்கள். 32க்கு 32 என்ற அளவிலமைந்த அந்த வளையத் தட்டுகள் சோதனையில் வென்றபின், அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலே வேர்ல்விண்டிற்கு மாற்றப்பட்டன. வேகம் கூடியது, பழுது வெகுவாகக் குறைந்தது.

காந்த வளையங்கள் இருபது ஆண்டளவு கோலோச்சின. அதற்கிடையில், 1966இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டென்னாட், ஒரு திரான்சிற்றரும் ஒரு சிறு கொள்ளளவியும் சேர்ந்தால் ஒரு குறிக்குப் போதும் எனக் கண்டார். 1968இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லில் அமைந்த குறிகளும் 1,024தான்! மன்செஸ்டரில் ஒரு கண்ணாடிக் குழாயை நிறைத்த நினைவு, விரல்நுனிக்குள் அடங்கிவிட்டது. எனினும், பழைய குறையும் கூடவே வந்தது. கொள்ளளவியிலும் ஏற்றம் கசியும். 1103இன் உள்ளடக்கம் முழுவதையும் ஒவ்வோர் இரண்டு மில்லிசெக்கனுக்கும் ஒருமுறை புதுப்பித்தாகவேண்டும். வில்லியம்சின் வைத்தியமே இங்கும் வேண்டியதாயிற்று.

1978இல் மற்றொரு பகை வெளிப்பட்டது. சில்லுகளைப் பொதிந்த பொருளிலே மிகச் சிறிய அளவிற் கலந்திருந்த கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்கள் அல்பாத் துணிக்கைகளை வீசி, குறிகளை மாற்றுவதை இன்டெல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பொதிபொருள் தூய்மையாக்கப்பட்டது. பிழையைக் கண்டு திருத்தும் மேலதிகக் குறிகளும் முக்கியமான கணினிகளில் இடம்பெற்றன.

இனி நம் மேசைமேல் இருக்கும் கணினிக்கு வருவோம். 2020இல் தரநிர்ணயம் பெற்ற டிடிஆர் 5 வகை நினைவகத்திலே, 6000 எனக் குறிக்கப்பட்ட தகடு ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் செக்கனுக்கு 600 கோடி குறிகளை அனுப்புகிறது. ஒரு குறிக்குக் கிடைக்கும் நேரத்திலே வெற்றிடத்திற் செல்லும் ஒளிகூட ஐந்து சென்றிமீற்றர்தான் கடக்கும். தாய்ப்பலகையின் செப்புக் கோடுகளிற் செல்லும் சைகை அதன் பாதியளவே கடக்கும். ஆகவே ஒரு குறி போய்ச் சேருமுன்னரே அடுத்தது புறப்பட்டுவிடுகிறது. கோடுகளின் நீளத்தைச் சமப்படுத்த அவற்றைப் பாம்புபோல் வளைத்து வரைகிறார்கள். கணினியை இயக்கும்போது, அது வேலையைத் தொடங்குமுன், ஒவ்வொரு கம்பியின் காலத்தையும் தானே அளந்து சரிசெய்துகொள்கிறது. இதனைப் பயிற்றுதல் என்பர்.

கடையில் வாங்கிய தகட்டிலே பெரிய எண் எழுதியிருப்பதனால் மட்டும் அவ்வேகம் கிடைத்துவிடுவதில்லை. தகட்டிலுள்ள சிறு சில்லொன்றில் உயர்வேகத்துக்கான அளவுகள் பதியப்பட்டிருக்கும். 2007இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி முறை அத்தகையது. அந்த அளவுகள் தகட்டின் ஆற்றலைக் கூறுவன. நம் செயலியும் தாய்ப்பலகையும் அவ்வேகத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியல்ல. இரண்டு தகடுகளுடன் அமைதியாய் ஓடிய கணினி, நான்கு தகடுகளைப் பொருத்தியதும் தடுமாறலாம். வெப்பம் மிகுந்தால் ஏற்றக் கசிவும் மிகும்.

கணினி இயங்க மறுத்தால் குறை உடனே தெரிந்துவிடும். இயங்கி, மூன்று மணி நேரம் கழித்து ஒரே ஒரு குறியைப் பிழையாக்குவதே ஆபத்து. ஆதலின் அனுபவசாலிகள், தகடுகளைத் தாய்ப்பலகையின் கையேடு கூறும் இடங்களிலே பொருத்தி, அதன் அடிப்படை நிரலைப் புதுப்பித்து, வேகத்தைப் படிப்படியாகவே கூட்டுவர். பின் நினைவகச் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிடுவர். ஒரு பிழை தோன்றினாலும் வேகத்தில் ஒரு படி இறங்குவர். அவ்வாறு இறங்குவதனால் நாளாந்த வேலைகளில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் உணர முடியாத அளவினது. பழுதுபட்ட கோப்பொன்றின் இழப்போ அப்படியன்று.

அந்த இரவுச் சோதனை, 1948இல் மன்செஸ்டரில் நடந்த 52 நிமிடச் சோதனையின் வழிவந்ததே. குழாய் போய் வளையமும், வளையம் போய்ச் சில்லும் வந்தன. ஆயினும், நினைவகம் இன்னும் மறந்துகொண்டுதான் இருக்கிறது. மறக்குமுன் திரும்ப எழுதுவதும், நம்புமுன் சோதித்துப் பார்ப்பதுமே அதனை நிலைநிறுத்துகின்றன.