மருந்துச் சீட்டும் சட்டமும்: பிரெஞ்சு காலம் முதல் இன்று வரை

பிரெஞ்சு மொழியில் 'ஓர்தோனான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கும் அதுதான் பெயர், அரசு பிறப்பிக்கும் ஆணைக்கும் அதுதான் பெயர். எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது தெரியும். சீட்டில் எழுதியதை ஆணையாகவே எடுத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் விழுங்குவதுதான் வில்லியனூர், பாகூர் பக்கத்தில் இன்றும் வழக்கம். அந்த ஆணையே தவறாகிவிட்டால் என்ன செய்வது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில் இங்கே நடந்தது நெப்போலியன் காலத்து சிவில் சட்டம். அதன் 1382-வது பிரிவு சொன்னது எளிது: ஒருவன் தன் தவறால் பிறருக்குக் கேடு விளைவித்தால் அவனே ஈடு செய்ய வேண்டும். நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய கோப்புகள் என் மேசைக்கே வந்து சேரும். இந்தப் பிரிவின் எண் அவற்றில் அடிக்கடி கண்ணில் படும்.

1936 மே 20-ம் தேதி பாரீசின் உச்ச நீதிமன்றம் 'மெர்சியே' வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. மூக்கு நோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பெற்று முகத்தில் புண்பட்ட பெண்மணியின் வழக்கு அது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு, நோயைக் குணப்படுத்தியே தீருவேன் என்பதல்ல அந்த ஒப்பந்தம், அறிவியல் அறிந்த அளவுக்கு அக்கறையோடும் கவனத்தோடும் பார்ப்பேன் என்பதே என்று நீதிபதிகள் தீர்த்தார்கள்.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தோம். 1963-லும் 1968-லும் இந்தியச் சட்டங்கள் பலவும் இங்கே விரிவாக்கப்பட்டன. ஆனால் நஷ்ட ஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். ஏழைக்கு அது எட்டாக்கனி.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டாக்டரின் வைத்தியமும் அதில் சேருமா என்று பெரிய சண்டை. சேராது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1995 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் சேரும் என்று தீர்த்தது.

மருந்துத் தவறுக்கு எடுத்துக்காட்டு, 'ஸ்பிரிங் மெடோஸ்' மருத்துவமனை வழக்கு. 1993 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலுக்குச் சேர்த்த குழந்தைக்கு, மலேரியாவுக்கான குளோரோகுயின் ஊசியை நர்ஸ் ரத்தக்குழாயில் செலுத்திவிட்டார். இதயம் நின்றது. உயிர் பிழைத்தாலும் மூளை மீளவில்லை. குழந்தைக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்குத் தனியாக 5 லட்சமும் தரச் சொன்னதை 1998-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தான் செய்ய வேண்டியதை நர்ஸிடம் விட்ட டாக்டரும் பொறுப்பாளி என்றது.

நம் கொம்யூன் மக்களை உறுத்த வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யாரிடமும் காசு வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை 1995 தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. வசதியுள்ளவரிடம் கட்டணம் வாங்கி ஏழைக்கு இலவசமாகப் பார்க்கும் இடமானால், அந்த ஏழைக்கும் உரிமை உண்டு. முழு இலவச மருத்துவமனையே கதி என்று இருப்பவருக்கு? அவருக்கு சிவில் கோர்ட் இருக்கிறது. 1963-ல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட, அவர் இறந்துபோனார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். கிடைத்தது 36,000 ரூபாய். முப்பத்து மூன்று வருஷம்! இலவசம் என்பதற்காக ஏழையை இத்தனை காலம் காக்க வைப்பது நியாயமா என்று நான் கேட்கிறேன்.

இனி, கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை. பணம் கொடுத்துப் பெற்ற வைத்தியமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தால் டாக்டர் மீது நடவடிக்கை வரலாம், நஷ்ட ஈடு வராது. போலீஸ் வழக்கு என்றால், சாதாரணத் தவறு போதாது, மிகப் பெரிய அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு தேவைதான்.

மருந்துக் கடைக்காரர், சீட்டில் எழுதிய ஷெட்யூல் ஹெச் மருந்துக்குப் பதிலாகத் தாமே வேறொன்றைத் தரக் கூடாது. 'இதுவும் அதேதான்' என்றால் வாங்காதீர்கள், டாக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். சீட்டு, பில், காலி அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: காகிதம் இருக்கிறவன் பேச்சுதான் சபை ஏறும்.