குரோம்பேட்டைக் கல்விக்கூடம்

தனவந்தர் தம் பொருளைக் கல்விக்கு ஈந்த வரலாறுகள் நம் நாட்டிற் பல. அவற்றுள் தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

1949-ஆம் ஆண்டில் ஸ்ரீமான் சி. இராஜம் அவர்கள் தமது மாளிகையாகிய இந்தியா ஹவுஸை விற்று, அப்பொருளைக்கொண்டு மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி என்னும் கூடத்தை ஸ்தாபித்தார். விமானம், மோட்டார் வண்டி, மின்னணுவியல், அளவைக் கருவிகள் என்னும் புதுத்துறைகள் ஆங்குக் கற்பிக்கப்பட்டன.

சில ஆண்டுகள் சென்றபின், இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் அதிற் சேர விரும்பினார். சேர்வதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அவ்விளைஞரே 2002-இல் குடியரசுத் தலைவரானார்.

நிற்க. ஒருவர் வீட்டை விற்றுக் கூடம் அமைத்தும், வறியவர் அதனுள் நுழைய மற்றொருவர் நகையை அடகு வைக்க நேர்ந்தது. கட்டடத்திற்கு ஒருமுறை ஈந்தால் போதும். ஆசிரியர் ஊதியமும் கருவிகளின் செலவுமோ ஆண்டுதோறும் வருவன. அச்சுமை மாணவர் சம்பளமாகவே இறங்கும். 1978-இல் அக்கூடம் அரசாங்கத்தின் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

ஆதலின், நம் சங்கத்தார் கட்டடம் எழுப்புதலொன்றையே தருமமென்று எண்ணாது, ஏழை மாணவரின் சம்பளத்திற்கென முதல் கரையாத நிதியொன்றையும் வைப்பாராக. வளையல் அடகுக் கடைக்குச் செல்லாதிருக்க அதுவே வழியாம்.