கருணைக்கொலையும் கரையோரச் சட்டமும்

தீராப்பிணியுற்றோர் தாமே வேண்டிக்கொள்ளுமிடத்து அவர்தம் உயிரைப் போக்க மருத்துவருக்குச் சட்டம் இடந்தரலாமா? இவ்வினாவுக்கு நாடளாவிய சட்டத்தின் வாயிலாக முதன்முதலில் உடன்பாட்டு விடையிறுத்த நாடு நெதர்லாந்து. அச்சட்டம் 2002 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவரும், பின்னர் இலங்கையின் கரையோரங்களில் உரோமன் டச்சுச் சட்டத்தை நிலைநிறுத்தியவரும் அந்நாட்டவரே. ஆயினும் நமது குற்றவியலில் அவர்தம் சட்டம் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை, கரையோர மாகாணங்களில் வழங்கிய உரோமன் டச்சுக் குற்றவியற் சட்டத்தை நீக்கிற்று. 1860ஆம் ஆண்டு இந்தியக் கோவையே அதற்கு முன்மாதிரி.

அக்கோவையின் 294ஆம் பிரிவு கொலையை வரையறுப்பது. அதன் விதிவிலக்குகளுள் ஒன்று ஈண்டு நோக்குதற்குரியது. 18 வயதைக் கடந்த ஒருவர் தாமே இசைந்து மரணத்தை ஏற்பாராயின், அதனை விளைவித்தவர் செய்தது கொலையாகாது. அதனிற் குறைந்ததோர் ஆட்கொலைக் குற்றமாகும். இசைவு குற்றத்தின் கடுமையைக் குறைக்குமேயன்றிக் குற்றத்தை அழிக்காது என்பதே பொருள். 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்னும் பிரிவு நீக்கப்பட்டது. தற்கொலைக்கு உடந்தையாதல் குற்றமாகவே நின்றது. எனவே தம்முயிரைப் போக்க முயலும் நோயாளி இன்று குற்றவாளியல்லர். அவருக்குத் துணைநிற்பவர் குற்றவாளி.

தமிழ் மரபில் இதற்கு முன்னுதாரணம் தேடுவோர் வடக்கிருத்தலைச் சுட்டுவர். இது பொருந்துமாறில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மக்களோடு நேர்ந்த பகையால் வந்த மானவுணர்வினாலன்றி, நோயினாலன்று. விருதுநகர்ப் பகுதியிலிருந்து 2010இல் செய்தியாக வெளிவந்த தலைக்கூத்தலோ முற்றிலும் வேறானது. முதியவரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீரைப் பருகக்கொடுத்து மரணத்தை விரைவுபடுத்தும் அவ்வழக்கில் முடிவெடுப்பது வீட்டார். வடக்கிருந்தவனுக்கு இருந்த வாய்ச்சொல் தலைக்கூத்தலுக்கு உள்ளானவருக்கு இல்லை. கருணைக்கொலையைச் சட்டமாக்க விழைவோர் அஞ்சவேண்டியது இதனையே.

இந்திய உயர்நீதிமன்றத்தின் முன்னும் இவ்வினாவே நின்றது. மும்பைத் தாதி அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு உணர்விழந்து கிடந்தார். அவருக்காக விண்ணப்பித்தவர் ஓர் எழுத்தாளர். எதிர்த்தவர்கள் அவரைப் பல்லாண்டு பராமரித்த மருத்துவமனையினர். 2011இல் நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துதலைக் கொள்கையளவில் ஏற்றபோதிலும், அவர் பொருட்டு வந்த விண்ணப்பத்தை மறுத்தது. அவர் 2015இல் இயற்கையாக மறைந்தார். ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் எனும் ஏற்பு 2018இல்தான் கிடைத்தது.

அவ்வாறு எழுதிவைத்தல் நம் மாவட்டத்துக்கும் வேண்டுவதே. ஆனால் மரணத்தை வேண்டுதல் நோயாளியின் விருப்பமா, வலியின் விருப்பமா என்று பிரித்தறிய, முதலில் வலி தணிக்கப்படல் வேண்டும். புற்றுநோய் வலியைப் பெரும்பாலும் வாய்வழி மருந்துகளாலேயே தணிக்கலாமெனவும், அவற்றுள் மோர்ஃபின் இன்றியமையாததெனவும் உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே எடுத்துரைத்தது. தேசிய புற்றுநோய் வைத்தியசாலை அமைந்துள்ள மகரகமையோ திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மூதூர் நோயாளிக்கு அதற்கு முன்னரே கடலும் குறுக்கே நின்றது. 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, தரைவழியே நகருக்கு வருவோர் 'பாதை' எனப்பட்ட மிதவைப் படகுக்காகத் துறையில் காத்துநின்றனர்.